மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகின் இரவு: நங்கூரமா, மிதவையா, ஊர்த்துறையா, மெரினாவா?

பாய்மரப் படகில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரப் புறப்படுகிறவர்கள் பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் ஒரு கோடைப் பருவத்தில் பாய் விரிந்திருப்பது நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் படகு எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. சமையலும் குளியலும் உறக்கமும் பிள்ளைகளின் விளையாட்டும் அங்கேதான் நடக்கின்றன. ஆகவே எந்தப் படகு, எந்தப் பாய் என்ற கேள்விகளைவிட, மாலையில் படகை எங்கே, எதில் கட்டுவது என்ற கேள்விதான் பயணத்தின் இன்பத்தையும் ஆபத்தையும் பெரிதும் தீர்மானிக்கிறது. லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வாழும் நண்பர்கள் ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுக்கும் முன்பும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர் சொந்தப் படகில் முழுப் பருவம் கழிக்க எண்ணும்போதும், இந்த ஒரு கேள்வியில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

வழிகள் நான்கு. விரிகுடாவில் சொந்த நங்கூரத்தைப் போட்டு நிற்பது. கடலடியில் பதித்த பாரத்தோடு இணைந்த மிதவையைப் பிடித்துக் கட்டுவது. கிரேக்கத் தீவுகளில் காண்பதுபோல் ஊரின் துறைமேடையில் அமரத்தை, அதாவது படகின் பின்முனையை, கரைக்குக் காட்டிக் கட்டுவது. கட்டணம் செலுத்தி மெரினாவுக்குள் போவது. சென்னைக்காரர்களுக்கு மெரினா என்றால் மணற்கரை. இங்கே அச்சொல் அலைத்தடுப்புச் சுவரும் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் காவலும் உள்ள படகுத்துறையைக் குறிக்கிறது. நானும் என் துணைவரும் பதினொன்றரை மீட்டர் நீளமுள்ள படகில் சில கோடைகளைக் கழித்தவர்கள். இந்த நான்கிலும் தூங்கியிருக்கிறோம். நான்கிலும் தூங்காமல் விழித்தும் இருந்திருக்கிறோம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

விலையை முதலில் வைப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மறைவு: இன்றிரவு காற்று எந்தத் திசையிலிருந்து வரும், நள்ளிரவில் திசை மாறினால் அந்த இடம் தாங்குமா, தொலைவில் அடித்த காற்றின் அலை உள்ளே உருண்டு வருமா என்பவை. இரண்டாவது, படகைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொருள் எது, அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தவர் யார் என்பது. இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. என் கணிப்பில் நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

அதற்குப் பிறகு செலவு வருகிறது. கையில் கொடுக்கும் பணத்தோடு கருவிக்கும் தேய்மானத்துக்கும் போகும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தண்ணீர், மின்சாரம், குப்பை, கழிவுத் தொட்டி ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். வெப்பம், சத்தம், தனிமை, கரைக்குப் போய்வரும் எளிமை, படகில் இருப்பவர்களின் வயது ஆகியவை வாழ்வு சார்ந்தவை. கடைசியாக, அந்தந்த நாட்டின் சட்டமும் கடலடியில் வளரும் புல்லும்.

ஓதத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. துனிசியாவின் காபெஸ் வளைகுடா, வெனிசை ஒட்டிய வட ஏட்ரியாட்டிக் போன்ற சில இடங்கள் தவிர, மத்தியதரைக் கடலின் நீர்மட்டம் பெரும்பாலும் ஓரிரு சாண் அளவுக்குள்தான் ஏறி இறங்குகிறது. மாலையில் அளந்த ஆழம் காலையிலும் ஏறக்குறைய அதேதான் என்பது இந்தக் கடல் நமக்குத் தரும் பெரிய சலுகை.

## சொந்த நங்கூரம்

நங்கூரத்தில் நிற்பது இலவசம் என்று சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. இரவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே கருவிக்குக் கொடுத்தாக வேண்டும். 12 மீட்டர்ப் படகுக்கு 20 முதல் 25 கிலோ எடையுள்ள நல்ல நங்கூரமும், 10 மில்லிமீட்டர் தடிமனில் 60 மீட்டர்ச் சங்கிலியும் வேண்டும். அந்தச் சங்கிலி மட்டுமே ஏறத்தாழ 135 கிலோ எடை இருக்கும். அதைக் கையால் ஏற்ற முடியாது என்பதால் மின்சாரத்தில் இயங்கும் நங்கூரச் சுருளி வேண்டும். நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து ஆயிரம் யூரோவை எளிதில் தாண்டிவிடும். பழைய படகு வாங்குகிறவர்கள் அதோடு வரும் நங்கூரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1933-இல் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் வடிவமைத்த சி.க்யூ.ஆர். என்னும் கலப்பை வடிவ நங்கூரம் பல பத்தாண்டுகள் படகுகளின் அணியத்தில், அதாவது முன்முனையில், இருந்தது. இன்றும் பல பழைய படகுகளில் இருக்கிறது. ஸ்பேட், ரோக்னா போன்ற பிந்தைய வகைகள் கூர்ந்த முனையும் குழிந்த தகடும் கொண்டு மண்ணுக்குள் வேகமாக இறங்குகின்றன. படகில் எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள் என்பதே என் ஆலோசனை.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கடலின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து அணியம் இருக்கும் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் நான்கு முதல் ஐந்து மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட வேண்டும். ஆறு மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் 1.2 மீட்டர் என்றால் மொத்தம் 7.2 மீட்டர், ஐந்து மடங்குக்கு 36 மீட்டர்ச் சங்கிலி. காற்று பலக்கும் என்று தெரிந்தால் இன்னும் விட வேண்டும், ஏனெனில் காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் அதன் விசை நான்கு மடங்காகிறது. 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் அசையாமல் நின்ற படகு 30 நாட் காற்றிலும் நிற்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சங்கிலியை விட்டு முடித்ததும் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி இழுத்துப் பார்க்க வேண்டும்; கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் ஒரே கோட்டில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, அந்தக் கோடு கலையாதவரை நங்கூரம் கடித்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீந்திப் போய்ப் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடலின் தெளிந்த நீரில் எட்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் நங்கூரம் மேலிருந்தே தெரியும். நான்கு வழிகளில் இதில்தான் மற்றவற்றைவிட உறுதியாக, படகைப் பிடித்திருப்பது எது, எவ்வளவு ஆழமாக மண்ணில் புதைந்திருக்கிறது என்பதை நாமே பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறோம். எனக்கு நங்கூரத்தின் மீதுள்ள பற்றுக்கு இதுதான் முதற் காரணம்.

மணலும் சேறும் நன்றாகப் பிடிக்கும். பாறை பிடிக்காது, பிடித்தால் விடாது. பொசிடோனியா என்னும் கடற்புல்லோ இரண்டிலும் மோசமானது: நங்கூரம் அதன் வேர்ப்பின்னலில் மாட்டிக்கொண்டு, பிடித்துவிட்டதுபோல் காட்டி, காற்று பலத்தவுடன் ஒரு கற்றைப் புல்லோடு பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் புல் பாசி அன்று. பூத்துக் காய்க்கும் தாவரம். இங்குள்ள இனம் இந்தக் கடலில் மட்டுமே வளர்வது. ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் படர்கிறது. ஒரே நங்கூரம் ஒரே காலையில் பிடுங்கும் திட்டு மீண்டும் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். இபிசா, ஃபோர்மென்தேரா தீவுகளைச் சூழ்ந்த கடற்புல் வெளிகளை 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தில் சேர்த்தது. அத்தீவுகள் அடங்கிய ஸ்பெயினின் பலேரிக் தீவுகளின் அரசு 2018-இல் தனி ஆணை பிறப்பித்து அதன் மேல் நங்கூரமிடுவதைத் தடைசெய்தது. பிரெஞ்சுக் கரையில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு இத்தகைய தடை இருக்கிறது. டோனியா என்னும் செயலியில் எங்கே மணல், எங்கே புல் என்று வரைபடமே கிடைக்கிறது. நீருக்கடியில் வெளிர் நீலமாகத் தெரியும் மணல் திட்டைத் தேடி அதில் போடுவது சட்டத்துக்கும் நல்லது, படகுக்கும் நல்லது. ஸ்பெயினில் நீச்சல் எல்லை குறிக்கப்படாத இடங்களிலும் மணற்கரையிலிருந்து 200 மீட்டர், மற்றக் கரையிலிருந்து 50 மீட்டர் தூரம் குளிப்பவர்களுக்கு உரியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இடம் இன்னொரு மறைந்த செலவு. 40 மீட்டர்ச் சங்கிலியில் நிற்கும் 12 மீட்டர்ப் படகு, காற்று திசை மாறும்போது ஏறத்தாழ 100 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சுற்றிவரும். மாலை ஆறு மணிக்கு வருகிறவர் அந்த வட்டத்துக்குள் 20 மீட்டர்ச் சங்கிலியில் நின்றால், இரவில் இரண்டு படகுகளும் ஒன்றையொன்று தேடி வரும். அத்தகைய இரவுகளில் நாங்கள் முறைவைத்து விழித்திருக்கிறோம். அந்தத் தூக்கமின்மை எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? முதலில் குளிர்ச்சி. நங்கூரத்தில் நிற்கும் படகு பெரும்பாலும் காற்றைப் பார்த்தே திரும்பி நிற்கும். அணியத்தின் மேல்திறப்பைத் திறந்துவைத்தால் காற்று படகின் முழு நீளத்துக்கும் ஓடும். ஜூலை மாதத்தில் கரையில் 35 பாகை வெயில் கொளுத்தும்போது இதன் அருமை தெரியும். காலையில் எழுந்ததும் படியிலிருந்து நேரே கடலில் இறங்கலாம். கொசு குறைவு. தண்ணீரும் மின்சாரமும்கூட நினைப்பதுபோல் பெரிய தடையில்லை. 300 லிட்டர்த் தொட்டியில் இருவர் நாளுக்கு 30 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தால் பத்து நாள் ஓடும். 400 வாட் சூரியத் தகடுகள் கோடை வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும். குளிர்ப்பெட்டிக்கும் விளக்குக்கும் அது போதும். ஆனால் ஐந்து பேர் நாள்தோறும் இருமுறை நன்னீரில் குளித்தால் அதே தொட்டி மூன்று நாளில் வற்றிவிடும்.

கரைக்குப் போக டிங்கி என்னும் சிறு படகு வேண்டும். அதற்கு ஒரு சிறு எஞ்சின் வேண்டும். இரண்டும் களவு போகாமல் பூட்ட வேண்டும். எழுபது வயதான என் தாயார் படகுக்கு வந்திருந்தபோது, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் ஆடும் டிங்கியில் இறங்கிய முதல் நாளே, இந்த வழி எல்லோருக்கும் உரியதல்ல என்று புரிந்துகொண்டேன்.

### கரைக்குக் கயிறு கட்டி நிற்பது

துருக்கியின் கோஜெக்கைச் சுற்றியுள்ள வளைவுகளிலும், கிரேக்கத்தின் மேற்கே உள்ள அயோனியன் தீவுகளின் சில இடங்களிலும் கரையிலிருந்து சற்று விலகினாலே ஆழம் இருபது மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அங்கே நங்கூரத்தை ஆழத்தில் போட்டுவிட்டு, பின்னோக்கி வந்து, அமரத்திலிருந்து ஒரு நீண்ட கயிற்றைக் கரைக்குக் கொண்டுபோய்க் கட்டுவது வழக்கம். படகு சுழலாது என்பதால் சிறிய இடத்தில் பல படகுகள் நிற்கலாம். மரத்தில் கட்டுவது பட்டையை அறுத்து மரத்தையே கொல்லும் என்பதால், கரையில் பதித்திருக்கும் வளையங்களையும் முளைகளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதன் பலவீனம் பக்கக் காற்று: படகு திரும்ப முடியாமல் தன் முழு நீளத்தையும் காற்றுக்குக் கொடுத்து நிற்க, நங்கூரத்தின் மேல் வரும் இழுவை பன்மடங்காகும். வானிலை ஐயமாக இருக்கும் இரவுகளில் நான் இதைத் தவிர்த்துவிடுவேன்.

### காற்று நம்மை ஏமாற்றும் இடங்கள்

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்னும் வாடைக்காற்று மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் நாட்கணக்கில் வீசும். தீவின் தென்புறம் ஒதுங்கினால் மறைவு கிடைக்கும் என்று வரைபடம் சொல்லும். ஆனால் ஆந்த்ரோஸ், தீனோஸ் போன்ற உயர்ந்த மலைத்தீவுகளில் காற்று முகட்டைத் தாண்டி மறுபுறம் விழும்போது, திறந்த கடலில் இருப்பதைவிடக் கொடிய வீச்சுகளாக இறங்குகிறது. தாழ்வான தீவின் மணல் விரிகுடாவில் காற்று ஒரே சீராக வீசும், அலை இருக்காது, நங்கூரமும் அமைதியாக இழுவையைத் தாங்கும். அயோனியன் கடல் இதற்கு நேர்மாறானது: பிற்பகலில் எழும் வடமேற்குக் காற்று பெரும்பாலும் பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடுகிறது. நங்கூரம் பழக வேண்டியவர்கள் அங்கே தொடங்க வேண்டும்.

இருந்தாலும் எந்தக் கடலும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. அயோனியனில் உள்ள லெஃப்காடா தீவின் விலிஹோ விரிகுடா நாற்புறமும் நிலம் சூழ்ந்தது, நல்ல சேற்றுத் தரை கொண்டது. 2011 செப்டம்பரில் அங்கேயே ஒரு சூறைக்காற்று சில நிமிடங்களில் படகுகளைக் கவிழ்த்தது. 2022 ஆகஸ்ட் 18 காலையில் பிரான்சின் கோர்சிகாத் தீவைத் தாக்கிய புயலில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் காற்று பதிவானது. மேற்குக் கரையில் நங்கூரமிட்டிருந்த ஏராளமான படகுகள் கரையில் ஒதுங்கின. 2024 ஆகஸ்ட் 14 ஃபோர்மென்தேராவிலும் அதுவே நடந்தது. ஐந்து நாள் கழித்து சிசிலியின் பொர்த்திசெல்லோ அருகே நங்கூரத்தில் நின்ற 56 மீட்டர்ப் பாய்மரக் கப்பல் மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். இவற்றில் மூன்று ஆகஸ்டின் நடுப்பகுதியில், கோடை முழுதும் சூடேறிய கடலின் மேல் குளிர்ந்த காற்று வந்த வேளையில் நிகழ்ந்தவை. ஆகவே ஆகஸ்ட் 10-க்குப் பிறகு இடி மழை முன்னறிவிப்பு இருந்தால், அழகிய சிறு வளைவை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் இழுபட்டாலும் பின்னால் திறந்த நீர் உள்ள அகன்ற விரிகுடாவில் நிற்பதை நாங்கள் விதியாக வைத்திருக்கிறோம்.

## மிதவை

பார்வைக்கு இதுதான் மிகப் பாதுகாப்பான வழி. கடலடியில் சிமெண்டுப் பாரமோ திருகாணியோ பதிக்கப்பட்டு, அதிலிருந்து சங்கிலியும் மேலே மிதவையும் இருக்கும். நங்கூரம் போடும் உழைப்பு இல்லை. படகு சுழலும் வட்டம் சிறிது. கடற்புல் உள்ள இடங்களில் இதுவே முறையான வழி, ஏனெனில் பாரம் ஒருமுறை பதிக்கப்பட்டால் பிறகு எந்த நங்கூரமும் புல்லைக் கிழிக்க வேண்டியதில்லை. மயோர்க்காவின் தெற்கே உள்ள கப்ரேரா தேசியப் பூங்காவில் இரவு தங்க முன்அனுமதி பெற்று மிதவையில்தான் கட்ட வேண்டும். குரோவேசியாவில் மிதவைகள் மிகுதி. படகின் நீளத்தைப் பொறுத்து இரவுக் கட்டணம் வாங்கப் படகில் ஆள் வருவார். கொர்னாத்தி போன்ற தேசியப் பூங்காக்களில் நுழைவுச் சீட்டும் வேண்டும்.

இரண்டாவது அளவுகோலில்தான் மிதவை தோற்கிறது. பிடித்துக்கொண்டிருக்கும் பாரம் எவ்வளவு எடை, சங்கிலியின் இணைப்பு எவ்வளவு அரித்துப்போயிருக்கிறது, கடைசியாக யார் எப்போது இறங்கிப் பார்த்தார்கள் என்பது மேலிருந்து தெரியாது. பூங்கா நிர்வாகம் பராமரிக்கும் மிதவையும், உணவகம் ஒன்று தன் வாடிக்கையாளருக்காகப் போட்டுவைத்த மிதவையும் நீரின் மேலே ஒன்றுபோலவே மிதக்கும். நாங்கள் ஒருமுறை ஒரு தனியார் மிதவையில் கட்டிவிட்டு நீந்திப் பார்த்தபோது, மேலே பளிச்சென்றிருந்த மிதவைக்குக் கீழே இரும்பு வளையம் பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவிழ்த்துக்கொண்டு வேறிடம் போனோம். இறங்கிப் பார்க்க முடியாத ஆழமாகவோ கலங்கலாகவோ இருந்தால், மென்காற்று இரவுகளுக்கு மட்டும் அதை நம்பலாம். கட்டும்போது மிதவையின் மேல் வளையத்தை விட்டு, அதன் அடியில் சங்கிலியோடு சேரும் இடத்தில் சொந்தக் கயிறுகள் இரண்டைக் கட்டுவது நல்லது.

உணவகங்களின் மிதவையும் மரத்துறையும் பெரும்பாலும் இலவசம். அங்கே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நான்கு பேர் சாப்பிட்ட பிறகு கணக்குப் பார்த்தால் அது மெரினாவின் கட்டணத்துக்கு அருகில் வந்து நிற்கலாம். உணவு நன்றாக இருந்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

## ஊர்த்துறை

கிரேக்கத் தீவின் துறைமேடையில் அமரத்தைக் கட்டி, பலகைப் பாலத்தில் இறங்கி, பத்து எட்டில் ரொட்டிக் கடைக்குப் போவது இந்தக் கடல் வாழ்வின் பெரிய இன்பங்களில் ஒன்று. கட்டணம் மிகக் குறைவு; சில ஊர்களில் வாங்கவே மாட்டார்கள். குடிநீர் லாரி வரும், குப்பைத் தொட்டி அருகில் இருக்கும், காய்கறி வாங்கலாம், முதியவர்கள் நடந்தே இறங்கலாம். கிரேக்க நீரில் ஏழு மீட்டருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளுக்கு 2019 முதல் மாத வரி உண்டு. அறிமுகமான ஆண்டில் 10 முதல் 12 மீட்டர்ப் படகுக்கு மாதம் 33 யூரோ. அது எங்கே நின்றாலும் கட்ட வேண்டியது என்பதால் இந்த ஒப்பீட்டில் யார் பக்கமும் சேராது.

ஆனால் இதில் படகை அலையிலிருந்து காப்பது மீண்டும் நம் நங்கூரம்தான். அதுவும் மிக நெருக்கடியான நிலையில். துறைமேடையிலிருந்து 40, 50 மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி வந்து கட்டுகிறோம். இருபுறமும் வருகிறவர்கள் தங்கள் நங்கூரத்தை நம் சங்கிலியின் மேல் குறுக்காகப் போட்டுவிடுவார்கள். ஹைத்ரா போன்ற சிறு துறைமுகங்களில் கோடையில் படகுகள் ஒன்றன் முன் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும். காலையில் ஒருவர் நங்கூரத்தை எடுத்தால் மூவருடையது சேர்ந்து வரும். நங்கூரம் இழுபட்டால் பின்னால் மண்ணோ திறந்த நீரோ இல்லை. கருங்கல் மேடைதான் இருக்கிறது. கடந்து போகும் பெரிய பயணக்கப்பலின் அலை ஒன்றே அமரத்தை மேடையில் மோதச் செய்யப் போதும். ஆகவே பாலம் நீளும் அளவுக்கு இடைவெளி விட்டே கட்ட வேண்டும்.

புயல் வருகிறது என்றதும் எல்லோரும் ஊர்த்துறைக்குள் ஓடுவதைப் பார்க்கிறேன். கல்லும் விளக்கும் மனிதர்களும் பக்கத்தில் இருப்பது ஒரு பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்பது புரிகிறது. எனினும் பக்கக் காற்றில் இருபது படகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, முதல் நங்கூரம் விட்டதும் வரிசையே சரியும் துறையைவிட, இருநூறு மீட்டர் அப்பால் நல்ல சேற்றில் நீண்ட சங்கிலியோடு தனியாக நிற்பது எனக்கு மேலாகப் படுகிறது. ஊர்த்துறை அமைதியான நாட்களுக்கு உரியது.

## மெரினா

இங்கே பெரும்பாலும் சொந்த நங்கூரம் தேவையில்லை. கடலடிச் சங்கிலியோடு இணைந்த கயிறு ஒன்றைத் துறை ஊழியர் எடுத்துத் தருவார், அதை அணியத்தில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீர், மின்சாரம், குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், எஞ்சின் பழுது பார்ப்பவர், கழிவுத் தொட்டியை உறிஞ்சும் கருவி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். துருக்கியின் முலா மாகாணக் கரையில் கழிவை ஒப்படைத்ததை நீல அட்டையில் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், நங்கூரத்திலேயே வாழ்பவர்களும் இடையிடையே மெரினாவுக்கோ கழிவெடுக்கும் இடத்துக்கோ போகத்தான் வேண்டும்.

விலை ஊருக்கு ஊர் மாறும். குரோவேசியாவிலும் பலேரிக் தீவுகளிலும் ஆகஸ்ட் மாதத்தில் 12 மீட்டர்ப் படகுக்கு ஓர் இரவுக்கு நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் என்றால் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ கேட்பார்கள். மறைந்த செலவுகளில் முதலாவது வெப்பம்: படகு காற்றைப் பார்த்துத் திரும்ப முடியாமல் கட்டுண்டு கிடக்க, அலைத்தடுப்புச் சுவர் காற்றையும் சேர்த்தே தடுக்கிறது. இரண்டாவது உலோக அரிப்பு: கரை மின்சாரத்தின் புவி இணைப்பு வழியே பக்கத்துப் படகுகளோடு நம் படகும் ஒரே மின்கலமாக மாறி, படகை உந்தும் சுழலியின் அருகே அரிப்பைத் தாங்கப் பொருத்திய துத்தநாகத் துண்டுகள் விரைவில் கரைந்துவிடும், இதைத் தடுக்கும் சிறு கருவியைப் பொருத்தாமல் மாதக்கணக்கில் கட்டிவைக்கக் கூடாது. மூன்றாவது, பணம் கொடுத்துவிட்ட பிறகு புறப்பட மனம் வராது என்பது. நல்ல காற்று வீசிய பல நாட்களை நாங்கள் அப்படி இழந்திருக்கிறோம்.

குளிர்காலத்தில் கணக்குத் தலைகீழாகிறது. அக்டோபர் முடிந்தால் புயற்காற்று அடிக்கடி வரும், நாள் சுருங்கும், சூரியத் தகடு ஓயும். அப்போது ஸ்பெயினின் கார்த்தஹேனா, சிசிலியின் ரகூசா, லிகாத்தா போன்ற இடங்களில் மாத ஒப்பந்தத்தில் தங்குவது கோடை விலையோடு ஒப்பிட மிக மலிவு. அங்கே குளிர்காலம் முழுதும் படகில் வாழ்பவர்களின் சிறு சமூகமே இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நங்கூரம் | மிதவை | ஊர்த்துறை | மெரினா |
|---|---|---|---|---|
| மறைவு | நாம் தேர்ந்தெடுப்பது. மாற்றிக்கொள்ளலாம் | இருக்கும் இடத்தில்தான் | பக்கக் காற்றிலும் கப்பல் அலையிலும் பலவீனம் | பொதுவாகச் சிறந்தது |
| பிடிப்பைச் சரிபார்ப்பது | நாமே, கண்ணால் | இறங்கிப் பார்த்தால் மட்டும் | நாமே. பிறர் குலைத்துவிடலாம் | நிர்வாகத்தின் பொறுப்பு |
| இரவுச் செலவு | இல்லை | நீளத்தைப் பொறுத்து | மிகக் குறைவு | மிக அதிகம் |
| மறைந்த செலவு | கருவி, டிங்கி, தூக்கம் | பூங்காச் சீட்டு, உணவகக் கணக்கு | சிக்கிய நங்கூரம், அமரச் சேதம் | வெப்பம், அரிப்பு, நகராத நாட்கள் |
| தண்ணீர், மின்சாரம் | சொந்தத் தொட்டி, சூரியத் தகடு | அதேபோல் | பெரும்பாலும் கிடைக்கும் | எப்போதும் |
| முதியவர், குழந்தை | கடினம் | கடினம் | எளிது | மிக எளிது |

## எந்த நிலைக்கு எது

ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுக்கும் குடும்பத்துக்கு, அயோனியன் கடலில் இரண்டு இரவு நங்கூரம், ஓர் இரவு ஊர்த்துறை என்ற முறை பொருந்தும். தண்ணீர்த் தொட்டி மூன்று நாளில் வற்றுவதும் அதே தாளத்தில்தான். படகை ஒப்புக்கொள்ளும்போது சங்கிலி எத்தனை மீட்டர், எந்த இடங்களில் நிறம் பூசிக் குறித்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலர் பாத்திரங்களை எண்ணுகிறார்கள், இதைக் கேட்பதில்லை. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஊர்த்துறையையும் மெரினாவையும் மையமாக வைத்துத் திட்டமிட்டு, நங்கூரத்தைப் பகல் நேரக் குளியலுக்கும் மதிய உணவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

முழுப் பருவம் சொந்தப் படகில் இருக்கப்போகிறவர்களுக்கு நங்கூரமே அடிப்படை. ஒரு பருவத்தில் நூறு இரவு மெரினாவில் கழித்தால் ஆகும் செலவை, ஒரே ஒருமுறை நல்ல நங்கூரமும் சங்கிலியும் சூரியத் தகடும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் கணக்கு விளங்கும். மெரினாவை, எஞ்சின் பழுது, காய்ச்சல், ஊருக்குப் பறந்து போய்வர வேண்டிய அவசரம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள். படகைத் தனியே விட்டுச் செல்லும்போது நங்கூரத்தில் விடக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் காப்பீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலேரிக் தீவுகளிலும் பிரெஞ்சுக் கரையிலும் புல் மூடிய விரிகுடாக்களில், மிதவை இருந்தால் காசைப் பார்க்காமல் அதையே பிடியுங்கள். மெல்டெமி வீசும் வாரங்களில் ஏஜியனில் இருப்பவர்கள் தாழ்ந்த தீவின் மணல் விரிகுடாவில் நீண்ட சங்கிலியோடு நின்று, காற்று ஓயும்வரை அங்கேயே இருந்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் இடத்துக்கு வந்து சேருங்கள். அந்த நேரத்தில் சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம்தான் சாய்ந்திருக்கும், மணலும் புல்லும் நீருக்கடியில் தெளிவாகப் பிரிந்து தெரியும், மிதவைகளில் இடம் இருக்கும், துறைமேடை பாதி காலியாக இருக்கும். நங்கூரம் முதல்முறை பிடிக்காவிட்டால் இரண்டாம் முறை போடவும், அதுவும் பிடிக்காவிட்டால் அடுத்த விரிகுடாவுக்குப் போகவும் வெளிச்சம் மீந்திருக்கும்.